நானூத்திப் பதினேழாம் நம்பர் சப்பாத்து

முழுசா எடுத்துடு தம்பி. மிஷின் வேணாம், கத்தியிலயே எடு. மண்டை பளபளன்னு இருக்கணும்.

யாரும் சாகல. வேண்டுதலும் இல்ல. நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். இந்த நாற்காலியில உக்காந்து மொட்டைன்னு சொன்னா போதும், உடனே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு "யாரு சார் தவறிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சிடுவீங்க. போன மாசமும் நீதானே எனக்கு வெட்டின? இல்லையா? அது வேற ஆளா? பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டானா? அட. கோவிச்சுக்காத தம்பி, நீங்க எல்லாரும் பாக்க ஒரே மாதிரி இருக்கீங்க. அதே மீசை, கையில அதே கறுப்புக் கயிறு. உன் பேரு என்னா? வீரமணி. ஊரு? அறந்தாங்கி. சரிதான், அவனும் அந்தப் பக்கம்தான். நீ வந்து மூணு மாசம் ஆச்சா? சரி.

சாயங்காலம் நாலு மணிக்கு பழைய கூட்டாளிங்க எல்லாம் ஒண்ணு சேர்றோம். இங்கதான், கிள்ளான் பஸ் ஸ்டேண்டு பின்னாடி ஒரு சாப்பாட்டுக் கடையில. அஸ்ரி போன் பண்ணினான். இருபத்தொம்பது வருசம் கழிச்சு. "தனா, மொட்டை போட்டுட்டு வா, பழைய மாதிரி வா"ன்னான். என் வீட்டுக்காரி சிரிக்கறா. நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு எதுக்கு இந்தக் கூத்துன்றா. நான் போவேன். ஏன் போகக் கூடாது? நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஒருத்தன் என்னா ஒருத்தன், அசலே நான்தான். இதைச் சொன்னது நான் இல்ல, அஸ்ரி சொன்னது.

தண்ணி நல்லா நனை. ஆங்.

என்னா கூட்டம்னு கேக்கறியா? மொட்டைக் கூட்டம். ஸ்கின்ஹெட்டுன்னு சொல்வாங்க. தலையை வழிச்சிக்கணும். கட்டம் போட்ட சட்டை, கழுத்து பட்டன் வரைக்கும் போடணும். பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல மடிச்சு விடணும், அது கீழ எறங்காம தோள்ல ஒரு சிவப்பு வார் போட்டு இழுத்துக்கணும். காலுல கனமான பூட்ஸ். அவ்வளவையும் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல, தம்பி, இந்தக் கிள்ளான் வெயில்ல நிப்போம். சிரி, பரவால்ல. எங்க ஆளுங்களே சிரிச்சாங்க.

ஆனா அதுக்கு ஒரு கதை இருக்கு. லண்டன்ல ஆரம்பிச்சது அது. ஜமைக்காவுல இருந்து கப்பல்ல வந்த கறுப்புப் பசங்களும், துறைமுகத்துல ஃபேக்டரியில வேலை செஞ்ச வெள்ளைக்காரப் பசங்களும் ஒரே பாட்டுக்கு ஒண்ணா ஆடினாங்க. அதுலதான் பொறந்தது. பிற்பாடுதான் கெட்டுப்போச்சு. வெள்ளைக்காரனுங்க கொஞ்ச பேரு அதே மொட்டையோட, அதே பூட்ஸோட, கறுப்பனைத் தேடித் தேடி உதைச்சானுங்க. இதெல்லாம் நான் பிறகு படிச்சுத் தெரிஞ்சிக்கிட்டது. ஸ்கூல் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். தாண்டாதவன்தான் நான். ஆனா ராத்திரி செக்யூரிட்டி வேலை பாரு. கோடவுன் வாசல்ல பன்னெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா மனுசன் ஒண்ணு குடிக்கணும், இல்ல படிக்கணும். நான் படிச்சேன்.

அப்ப எனக்குப் பதினாறு. தொண்ணூத்தாறாம் வருசம். ஸ்கூல்ல எங்க பசங்க ரெண்டே ரகம்தான். ஒண்ணு டியூசனுக்குப் போறவன், இன்னொண்ணு கேங்கு நம்பரைச் சொல்லிக்கிட்டு ரவுடியா திரியறவன். நான் ரெண்டுலயும் சேத்தி இல்ல. டியூசனுக்கு அறிவு பத்தல, கேங்குக்கு உடம்பு பத்தல. மலாய்ப் பசங்க ஒரு பக்கம் உக்காருவான், சீனன் ஒரு பக்கம். எனக்குன்னு எந்தப் பக்கமும் இல்ல. ஃபுட்பால்ல நான் பந்தைத் தவற விட்டா மட்டும் எல்லாப் பக்கமும் ஒண்ணு சேர்ந்துக்கும். "கிளிங்"னு கத்துவான். அது இந்த ஊர்ல எங்களைத் திட்டற சொல்லு. நீ வந்து மூணு மாசம்தானே ஆகுது, இன்னும் கேட்டிருக்க மாட்ட. கேப்ப.

அஸ்ரியை நான் பாத்தது அவன் வேலை செஞ்ச மோட்டார் பட்டறையில. எங்க அப்பாவோட மோட்டார் சைக்கிளுக்கு செயின் மாத்தப் போயிருந்தேன். உள்ள ஒரு கேசட் ஓடிக்கிட்டு இருந்தது. அந்த மாதிரி பாட்டை அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல. கிட்டாரு தப்பான இடத்துல விழற மாதிரி இருக்கும், ஆனா கால் சும்மா இருக்காது. எங்க வீட்டு உறுமி மேளக் கேசட்டுக்கு என் கால் எப்படி ஆடுமோ அப்படி ஆடுச்சு. அஸ்ரி ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு என்னையே பாக்கறான். அவனுக்குப் பத்தொம்போது வயசு, மொட்டை மண்டை. நாங்க பேசினதெல்லாம் மலாய்லதான், உனக்காகத் தமிழ்ல சொல்றேன்.

"பிடிச்சிருக்கா?"ன்னான்.

"இது யாரு பாட்டு?"

"கறுப்பனுங்க பாட்டு. உன்னை மாதிரி"ன்னான்.

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். எப்பவும் போல திட்டறான்னு நெனச்சேன். அவன் கிட்ட வந்து கிரீஸ் கையாலயே என் தோளைப் பிடிச்சான். "டேய், நான் திட்டல. இந்த வேலையை ஆரம்பிச்சதே கறுப்பனுங்கதான். நாங்க ஆறு பேரு இருக்கோம், ஆறு பேருமே நகல். நீ வந்தா நீதான் அசல்."

சொல்லு தம்பி. பதினாறு வயசு வரைக்கும் இந்தத் தோலுக்கு ஒருத்தன் கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. எங்க அம்மாவே முகத்துக்குப் பவுடர் பூசி விட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. அப்படி இருக்கறப்ப ஒருத்தன் வந்து அசல்னு சொல்றான். போகாம இருப்பியா நீ?

மறுநாளே மொட்டை. இந்தத் தெருவுலதான், பழைய கடை ஒண்ணுல. ஸ்கூல் விட்டு நேரா போய் அடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறேன், வாசல்ல பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை துணி காயப் போட்டுக்கிட்டு இருக்காங்க. என்னைப் பாத்தாங்க. மண்டையைப் பாத்தாங்க. கையில இருந்த துணியை அப்படியே கீழ போட்டுட்டு, "ஐயோ என் அண்ணே!"ன்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு தெருவே கேக்கற மாதிரி ஒரு ஓலம். எங்கப்பா துறைமுகத்துல மூட்டை இறக்கற வேலை. கிரேன்ல இருந்து எதுவோ விழுந்து ஆளு போயிட்டாருன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நான் இல்ல இல்லன்னு சொல்றேன், யாரு கேக்கறா? "அப்பனுக்கு மொட்டை போட்டுட்டு வந்து நிக்கறானே பச்சப் புள்ள"ன்னு என்னையும் கட்டிப்பிடிச்சு அழறாங்க. நாலு வீட்டு ஜனம் கூடிடுச்சு. ஒரு பெரியவரு கூடார வாடகைக்கு ஆள் அனுப்பப் போயிட்டாரு.

அந்த நேரம் பாத்து எங்கப்பா மோட்டார்ல வந்து எறங்கறாரு. கையில மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம். கூட்டத்தைப் பாத்து அவருக்கும் முகம் வெளுத்துப்போச்சு. "யாரு செத்தது?"ன்னாரு.

பாக்கியம் அத்தை அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்ககூடப் பேசல. ஏமாத்திட்டோமாம்.

எங்கம்மாவுக்குத்தான் பெரிய பயம். அப்பன் உசுரோட இருக்கறப்ப காரணமில்லாம மொட்டை அடிச்சா அவருக்கு ஆகாதுன்னு. அடிச்சாங்க, அழுதாங்க, பிறகு யோசிச்சாங்க. சனிக்கிழமை காலையில என்னை முருகன் கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போய், அர்ச்சனை பண்ணி, மண்டை பூராவும் சந்தனத்தைப் பூசி விட்டுட்டாங்க. அதோ, கல்லாவுக்கு மேல சாமி படத்துக்கிட்ட கிண்ணத்துல வெச்சிருக்க பாரு, அந்த மாதிரி குழைச்ச சந்தனம். "யாராவது கேட்டா வேண்டுதல்னு சொல்லு. கழுவினியோ கொன்னுடுவேன்."

அன்னிக்குத்தான் கூட்டத்தோட என் முதல் நாள். கட்டம் போட்ட சட்டை, சந்தன மண்டை. பஸ் ஸ்டேண்டுல ஆறு பேரு நிக்கறான். டின்னுன்னு ஒருத்தன், சைனுடினைச் சுருக்கி டின். அவன் என்னைப் பாத்து வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிக்கறான். "தைப்பூச மொட்டைடா! காவடி எங்க?" எல்லாரும் சிரிக்கறான். ஆ செங்னு ஒரு சீனப் பையன், அவனும் சிரிக்கறான். எனக்குத் திரும்பி ஓடிடலாம்னு இருந்தது.

அஸ்ரி சிரிக்கல. கிட்ட வந்து என் மண்டையை மோந்து பாத்தான். "நல்ல வாசமா இருக்குடா"ன்னான். டின்னு பக்கம் திரும்பி, "மொட்டைன்னா மொட்டைதான். மூடு வாயை"ன்னான். அவன் போட்டிருந்த சிவப்பு வாரைக் கழட்டி என் தோள்ல மாட்டி விட்டான்.

அந்த ஒண்ணுக்காகவே நான் அவன் எது செஞ்சாலும் பொறுப்பேன். என் வீட்டுக்காரிக்கு இது புரியல.

கழுத்துக்குப் பின்னாடி பாத்து, அங்க ஒரு மச்சம் இருக்கு.

பூட்ஸுதான் பிரச்சினை. ஒரிஜினல் வாங்க யாருகிட்டயும் வசதி இல்ல. ஆளாளுக்கு ஃபேக்டரி பூட்ஸு, ஆர்மி பூட்ஸுன்னு எதையாவது போட்டுக்குவான். நான் எங்கப்பாவோட சப்பாத்தை எடுத்தேன். துறைமுகத்துல கொடுக்கற சேஃப்டி சப்பாத்து, மூக்குல இரும்புத் தகடு வெச்சது. அவரு ஆள் நம்பர் நானூத்திப் பதினேழு. மாறிப் போயிடக் கூடாதுன்னு ரெண்டு மூக்குலயும் மஞ்சப் பெயிண்டால அவரே எழுதி வெச்சிருந்தாரு. அவருக்கு ஒம்போதாம் நம்பர் காலு, எனக்கு ஏழு. மூணு ஜோடி காலுறை போட்டு ரொப்பிக்குவேன். ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு, சப்பாத்துக்கும் லீவு. அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் அது என்னுது.

ஏழு மாசம் தம்பி. ஏழு மாசம் என் வாழ்க்கையில யாரும் என்னை அந்தச் சொல்லால கூப்பிடல. பட்டறைக்குப் பின்னாடி கேசட்டைப் போட்டு ஆடுவோம். நின்ன இடத்துலயே ஓடற மாதிரி ஒரு ஆட்டம். மழை பேஞ்சா மழையில ஆடுவோம். ஒரு தடவை மலாய்ப் பசங்க வேற கூட்டம் ஒண்ணு என்னை வழிமறிச்சான், அஸ்ரி ஒருத்தனாவே வந்து நாலு பேரை ஓட விட்டான். "இவன் மேல கை வெச்சா என் மேல வெச்ச மாதிரி"ன்னான். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான்.

பிறகு டின்னு ஒரு கேசட் கொண்டாந்தான். அது வேற மாதிரி. ஆட முடியாது, கத்த மட்டும்தான் முடியும். யாரு நாட்டை யாரு பிடிக்கறான்ற மாதிரி பாட்டு. பாடறவன் வெள்ளைக்காரன். அந்த வெள்ளைக்காரன் நேர்ல வந்தா டின்னையும்தான் உதைப்பான், அது அவனுக்குத் தெரியல. சட்டையில ஏதோ ஒரு பேட்ஜ் வேற குத்திக்கிட்டான். ஆ செங் ரெண்டு வாரம் பாத்துட்டு வரதை நிறுத்திட்டான். போகட்டும், சீனனுக்கு எப்பவும் பயம்னு நான்தான் சொன்னேன்.

நான் ஏன் போகலன்னா, டின்னு பேசினது எங்களைப் பத்தி இல்ல. பங்ளாக்காரனுங்களைப் பத்தி. அப்பதான் பங்ளாதேசுல இருந்து ஏரோப்ளேன் ஏரோப்ளேனா வந்து எறங்கினானுங்க. ஃபேக்டரி பூரா அவனுங்கதான். எங்க மாமா பதினோரு வருசம் பாத்த வேலை போச்சு, அந்த எடத்துக்கு பங்ளா வந்தான். எனக்கும் கோவம் இருக்காதா? நான் இனவாதம் பேசல தம்பி. நான் யாரையும் தப்பா சொல்லல. உன்னையும் சேத்துச் சொல்லல, நீ நல்லா வேலை செய்யற. ஆனா உண்மை உண்மைதானே. டின்னு திட்டறப்ப எல்லாரும் சேந்து திட்டுவோம், நானும் திட்டுவேன், எல்லாரையும் விட சத்தமா திட்டுவேன். அவன் என் முதுகுல தட்டுவான். நல்லா இருந்தது. திட்டு வாங்கற எடத்துல வேற ஒருத்தன் இருந்தான், நான் திட்டற எடத்துல இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை ஆனா தபால் ஆபீஸ் பக்கத்துல இருந்த போன் பூத்துல பங்ளாக்காரனுங்க நீளமா வரிசை நிப்பானுங்க. ஊருக்குப் பேச. டின்னு சொன்னான், "நம்ம ஊர்ல நமக்கு நடக்க எடமில்ல, அந்த வரிசையைக் கலைக்கணும்." ஆனா நாங்க ஆறு மொட்டையா சேந்து போனா தூரத்துல பாத்தே ஓடிடுவானுங்க. அதனால ஒருத்தன் முன்னாடியே போய் வரிசையில நிக்கணும். போன் கிட்ட போனதும் நகர மாட்டேன்னு சண்டை இழுக்கணும். சண்டை ஆரம்பிச்சதும் மத்தவங்க விலக்கி விடற மாதிரி உள்ள பூந்துடணும்.

"யாரு நிக்கறது?"ன்னு அஸ்ரி கேட்டான்.

யாரும் என் பேரைச் சொல்லல தம்பி. அந்த மரியாதை இருந்தது. சும்மா என்னைப் பாத்தாங்க.

"நான் நிக்கறேன்"னேன். நானாத்தான் சொன்னேன்.

அஸ்ரி என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான். "மொட்டை தெரியக் கூடாது"ன்னு ஒரு தொப்பி கொடுத்தான். "வாரைக் கழட்டு"ன்னான். கழட்டிக் கொடுத்தேன். "அவனுங்க பூட்ஸு போட மாட்டானுங்க, இந்தா"ன்னு அவன் சிலிப்பரைக் கொடுத்துட்டு எங்கப்பா சப்பாத்தை அவன் மாட்டிக்கிட்டான். அவனுக்கு ஒம்போதாம் நம்பர் காலு. அளவா இருந்தது. எனக்கு ஒரு நாளும் அப்படி அளவா இருந்ததில்ல.

மத்தியானம் மூணு மணி. வெயிலு மண்டையைப் பொளக்குது. முப்பது பேரு இருப்பானுங்க வரிசையில. கடைசியில போய் நின்னேன். ஒருத்தன் கூட என்னைத் திரும்பிப் பாக்கல. அவங்க ஆள்னே நெனச்சிட்டானுங்க. அஞ்சு நிமிசம் நின்னிருப்பேன். எனக்கு முன்னாடி ஒருத்தன், முப்பது வயசு இருக்கும், கையில சிமெண்டு வெடிப்பு. திரும்பி என்னைப் பாத்து, தப்புத் தப்பா மலாய்ல, "அம்மாகிட்ட பேசணுமா?"ன்னான். நான் என்னா சொல்றது, தலையை ஆட்டினேன். அவன் முன்னாடி நிக்கறவங்ககிட்ட அவங்க பாசையில என்னமோ சொன்னான். சின்னப் பையன், புதுசா வந்திருக்கான், அந்த மாதிரி எதுவோ. உடனே ஒவ்வொருத்தனா விலகறான் தம்பி. முப்பது பேரும் விலகி என்னை நேரா போன் கிட்ட விட்டுட்டானுங்க. அந்த ஆளு அவனோட கார்டையே மெஷின்ல போட்டு ரிசீவரை என் கையில கொடுத்தான்.

நான் சண்டை இழுக்க வந்தவன். யாருகிட்ட இழுக்கறது?

எங்க வீட்டுல போன் கிடையாது. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணு, அஸ்ரியோட பட்டறை நம்பர். அதை அழுத்தினேன். ஞாயித்துக்கிழமை, பட்டறை பூட்டியிருக்கு. மணி அடிச்சிக்கிட்டே இருக்கு. அஸ்ரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்கான். நான் காதுல மணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அவனைப் பாக்கறேன். அந்த ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டு, "எடுப்பாங்க, எடுப்பாங்க, இரு"ன்றான்.

சண்டை வரலன்னதும் டின்னுக்குப் பொறுக்கல. சும்மாவே ஓடி வந்துட்டானுங்க.

முதல்ல ஒரு தள்ளு. நான் பூத்து கம்பியில மோதி உக்காந்துட்டேன். தொப்பி பறந்துடுச்சு. எல்லாப் பக்கமும் ஓட்டம், கத்தல். அந்த ஆளு ஓடாம குனிஞ்சு என் தொப்பியை எடுத்தான். தூசி தட்டி என்கிட்ட நீட்டினான். நான் கை நீட்டறேன். அப்ப பாத்தேன், மஞ்ச நம்பர். நானூத்திப் பதினேழு. நேரா என் விலாவுக்கு வருது.

எங்கப்பா சப்பாத்து, தம்பி.

ரெண்டு எலும்பு. மூச்சு வெளிய போச்சு, உள்ள வரல. நான் நிமிர்ந்து பாத்தேன், அஸ்ரி குனிஞ்சு என்னைப் பாத்தான். ஒரு செகண்டு இருக்கும். பிறகு ஓடிட்டான். எல்லாரும் ஓடிட்டானுங்க.

ஆள் தெரியாம நடந்தது அது. அந்தப் பதட்டத்துல எவனுக்கு எவனைத் தெரியும்? நான் அவனுங்களோட கலந்து நிக்கறேன், அவனுங்க மாதிரியே இருக்கேன். இருக்கணும்னுதானே அனுப்பினது? என் வீட்டுக்காரிகிட்ட நூறு தடவை சொல்லிட்டேன், ஆள் தெரியாம நடந்தது. அவ நம்பறா, நம்பாமப் போறா, எனக்கென்னா.

அந்த பங்ளாக்காரன்தான் என்னைத் தூக்கி ஓரமா உக்கார வெச்சான். தண்ணிக் கடையில பிளாஸ்டிக் பையில ஐஸ் வாங்கி வந்து விலாவுல வெச்சான். "நீ வந்து எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்ததோ. "நான் இந்த ஊருக்காரன்! இங்கயே பொறந்தவன்!"னு கத்தினேன். கத்தினா விலா குத்துது. அவன் என் மண்டையைப் பாத்தான், ரோட்டுல அவனுங்க ஓடின பக்கம் பாத்தான். அவனுக்கு என்னா புரிஞ்சதோ. ஒண்ணும் கேக்கல. தொப்பியை அவனே என் தலையில மாட்டி விட்டான். போய் மெஷின்ல இருந்து அவன் கார்டை எடுத்துக்கிட்டு, திரும்ப சேந்த வரிசையில கடைசி ஆளா போய் நின்னுக்கிட்டான். நான் அவன் பேரைக் கேக்கல. நன்றியும் சொல்லல. கேட்டுக்க, எதையும் மறைக்கல நான்.

மறுநாள் விடியறப்ப எங்கப்பா சப்பாத்தைத் தேடறாரு. நான் சுருண்டு படுத்திருக்கேன், படியில விழுந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். வாசக் கேட்டுல ஒரு பிளாஸ்டிக் பை தொங்குது. உள்ள சப்பாத்து. கழுவி, துடைச்சு, கயிறு கூட கழட்டித் துவைச்சு மாட்டியிருக்கு. அப்பா கையில எடுத்துப் பாத்துட்டு, "எவனோ உள்ள வரைக்கும் கழுவியிருக்கானே"ன்னாரு. போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. இன்னும் ஆறு வருசம் அதைத்தான் போட்டாரு. அவரு போனப்ப நான் முறைப்படி மொட்டை அடிச்சேன், பாக்கியம் அத்தை ரெண்டாவது தடவையா அழுதாங்க.

அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது. கெட்டவனா இருந்தா கழுவிக் கொண்டாந்து மாட்டுவானா? சிவப்பு வார் பையில இல்ல. அது அவனோடதுதான், அவன் வெச்சிக்கிட்டான், அது சரிதான். பிறகு நான் அந்தப் பக்கம் போகல. அவனும் வரல. பரீட்சை வந்துடுச்சு, அவன் ஜொகூருக்கு வேலைக்குப் போயிட்டான்னு கேள்வி. இப்ப வாட்சப்புல ஒரு குரூப்பு திறந்து பழைய போட்டோ போட்டிருக்கான். பஸ் ஸ்டேண்டுல ஏழு பேரு நிக்கறோம். நடுவுல நான். மண்டையில சந்தனம். அதைப் பாத்துட்டுத்தான் என்னைத் தேடி நம்பர் வாங்கியிருக்கான். ஏழு பேரும் வரணும்னு சொல்லியிருக்கான். ஏழு, தம்பி. எண்ணிப் பாத்துத்தான் சொல்றான். அப்ப நான் யாரு?

என்னா? ஏன் கத்தியை நிறுத்திட்ட?

என்னா கேக்கற?

தொப்பியா?

ஆமா, சொன்னேன். கீழ விழுந்தது. அந்த ஆளு எடுத்து நீட்டினான். அதுக்குப் பிறகுதான் உதை. ஆமா. அப்ப தலையில தொப்பி இல்ல.

மூணு மணி வெயிலு.

மொட்டை தெரிஞ்சிருக்கும்ன்ற. அந்த முப்பது பேருல ஒரே மொட்டை நான்தான்ன்ற.

நீ யாருடா இதைக் கேக்க? வந்து மூணு மாசம் ஆகல, சோப்பு நுரையைத் துடைக்கத் தெரியல, என்கிட்ட கணக்குக் கேக்க வந்துட்ட. உங்களையெல்லாம் உள்ள விட்டதே...

இல்ல. இரு. போகாத. சொல்லிட்டேன், விடு. பாதி மண்டையோட நான் எப்படி வெளிய போறது? எடு. அந்தப் பக்கம் இன்னும் இருக்கு பாரு. எடு தம்பி.

இருபத்தொம்பது வருசமா இந்தக் கதையை எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன். அந்தத் தொப்பி விழறதையும் சொல்லியிருக்கேன். ஒருத்தன் கூடக் கேட்டதில்ல. என் வீட்டுக்காரி கேட்டிருப்பா, நான்தான் இதைச் சொல்றப்ப அவ மூஞ்சியைப் பாத்ததில்ல.

அஸ்ரி குனிஞ்சு பாத்தான்னேனே. ஒரு செகண்டு. அவன் முதல் நாள் என் மண்டையை மோந்து பாத்தப்பவும் அதே தூரத்துலதான் குனிஞ்சான்.

ம்.

முடிஞ்சுதா? தடவிப் பாக்கறேன். நல்லா வழிச்சிருக்க. என்னா மணி? மூணே காலா. இருக்கு, நேரம் இருக்கு.

போவேன். ஏன் போகாம? நீயும் என் வீட்டுக்காரி மாதிரியே கேக்கற. அவன் கூப்பிட்டான், நான் போறேன். அவன் கூப்பிடலன்னாலும் போவேன். அந்த போட்டோவுல நடுவுல நிக்கறது நான்தான், அதுல எவனும் என்னைக் கிழிச்சு எடுக்க முடியாது. போய் அவன் பக்கத்துலதான் உக்காரப் போறேன். டீயும் குடிப்பேன். குடிச்சுட்டு எல்லாரும் இருக்கறப்பக் கேப்பேன், "அஸ்ரி, அன்னிக்கு என் தொப்பி எங்க இருந்தது?"ன்னு.

அவ்வளவுதான் கேப்பேன்.

அந்தக் கிண்ணத்தை எடு. ஆமா, சாமி படத்துக்கிட்ட இருக்கறதுதான். சாமி கோவிச்சுக்காது, நாளைக்கு நான் புதுசா வாங்கித் தரேன். குழைச்சு அப்படியே மண்டையில பூசு. நிறைய. நெத்திக்கு மேல இருந்து பின் கழுத்து வரைக்கும், காது ஓரம் எல்லாம். வழிஞ்சா வழியட்டும், சட்டையில பட்டாப் படட்டும். எங்கம்மா பூசின மாதிரி தடிப்பாப் பூசு. குளுகுளுன்னு இருக்கு. வாசம் வருது பாரு.

உன் பேரு என்னான்னு சொன்ன? வீரமணி. அறந்தாங்கி. சரி வீரமணி, அடுத்த மாசம் ஆள் மாத்திக் கேக்க மாட்டேன்.

அது என்னா கையில, தொப்பியா? வெயிலுக்கா? வேணாம்பா. நீயே வெச்சிக்க.

நான் இப்படியே போறேன்.